தனப்பிரியா கேட்டது

தனப்பிரியா அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். மகள் தமிழினி ராசிபுரத்தில் விடுதியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருடம்; மகள் பிறந்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருப்பது அதுவே முதல் முறை. பகலில் கதவைத் தாழிட்டால் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அதுவே எங்களுக்குப் பழகச் சில வாரங்கள் பிடித்தன.

மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தோம். கொஞ்ச தூரத்தில் எங்கள் கோழிப்பண்ணை ஷெட்டில் கோழிகளின் முனகல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் விட்டத்தைப் பார்த்தபடி பேசினாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"ம்."

"பின்னால... ஒரு தடவை செஞ்சு பாக்கலாமுங்களா?"

நான் புரியாதவன்போல் திரும்பிப் பார்த்தேன். புரிந்திருந்தது. அது அவளுக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும் அவள் இன்னும் தெளிவாகச் சொன்னாள்.

"அதானுங்க, ஆசனவாயில. எனக்கு எப்புடி இருக்கும்னு பாக்கோணும். புடிக்கலீன்னா உட்டுரலாம்."

தனப்பிரியா நாமக்கல்லில் ஒரு பெண் மருத்துவரின் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்பவள். போன மாதம் புதிதாகக் கல்யாணமான பெண்ணொருத்தி, புருஷனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் இதைப் பட்டென்று கேட்டாளாம். டாக்டரம்மா, சர்க்கரைக்காரருக்குச் சாப்பாட்டு முறை சொல்வதுபோல நிதானமாகப் பதில் சொன்னாராம். அவசரம் கூடாது. அந்த இடம் தானாக ஈரமாகாது, அதனால் ஜெல் வேண்டும். ஆணுறை வேண்டும். வலித்தால் உடனே நிறுத்த வேண்டும். சிலருக்கு அதில் நல்ல சுகம் உண்டு, சிலருக்கு இல்லை, இரண்டும் குறையல்ல. யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

"அந்தப் புள்ளைக்கு இருவத்தி மூணு வயசு இருக்குமுங்க. கூச்சமே இல்லாமக் கேக்கறா. ஊசியும் கையுமா ரத்தம் எடுக்க நின்ன எனக்குத்தான் மூஞ்சி செவந்து போச்சு," என்று சிரித்தாள் தனப்பிரியா.

நான் சிரிக்கவில்லை. எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.

என் மௌனம் எங்கள் உறவுக்காரர்களிடையே பிரசித்தம். ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தால் இரண்டு நாள் வாய் திறக்க மாட்டேன். யாராவது கேட்டால், "அவுங்க அடை படுத்திருக்காங்க, குஞ்சு பொரிச்சதும் பேசுவாங்க" என்பாள் தனப்பிரியா. அவளுக்கு அது பழகிவிட்டது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மௌனம் வேறு. அன்று அவள் என்னிடம் வாய்விட்டு ஒன்று கேட்டிருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிருந்தேன்.

அருவருப்பு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனக்குப் பதில் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. அந்தச் செயலைக் குறிக்க என்னிடம் இருந்த வார்த்தைகளைத் திங்கட்கிழமை முழுவதும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாமே வசவு. லாரிப் பட்டறையில் கேட்டது, பேருந்து நிலையத்துச் சுவரில் படித்தது, சண்டையில் அடுத்தவன் அம்மாவை இழுத்துச் சொன்னது. மருத்துவப் புத்தகத்தில் குதப்புணர்ச்சி என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்தால் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததுபோல் இருந்தது. மனைவி ஆசையோடு கேட்ட ஒன்றுக்கு இந்த வார்த்தைகளில் எதைக்கொண்டு பதில் சொல்வது?

இன்னொன்றும் இருந்தது. சேலத்தில் பாலிடெக்னிக் படித்தபோது விடுதியில் எங்கள் பக்கத்து அறையில் ஜீவா என்று ஒருவன் இருந்தான். அவனையும் அவனுடைய நண்பனையும் பற்றி ஒரு பேச்சு கிளம்பியது. அவன் சாப்பிட வரிசையில் நின்றால் பின்னால் நிற்பவர்கள் ஓரடி தள்ளி நின்று சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். அந்த வருடமே ஜீவா படிப்பை விட்டுப் போனான். ஒருபால் உறவு குற்றமல்ல என்று 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த மறுநாள் செய்தித்தாளை மூன்று முறை படித்துவிட்டு மடித்து வைத்தேன். அன்றும் யாரிடமும் எதுவும் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஷெட்டில் ஒரு முட்டையைத் துணியால் துடைத்துக்கொண்டே வெகுநேரம் நின்றிருந்தேன். சட்டென்று ஒன்று தோன்றியது, எனக்கே சிரிப்பு வந்தது. உடனே ஓடிப்போய் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் யோசித்துக்கொண்டு சாயங்காலம் சொல்லலாம் என்று இருந்தேன். சாயங்காலம் புதன் காலை ஆயிற்று.

புதன் காலை அவள் பையோடு வெளியே வந்தாள். "அப்பாவுக்குக் கால் வலியாம். மேச்சேரி போயிட்டு வாரேன்."

"பஸ் ஏத்தி விடட்டுமா?"

"வேண்டாமுங்க." வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "பதினாறு வருசத்துல படுக்கையில நானா வாயத் தொறந்து கேட்ட மொத விசயம் அது. இனிமேக் கேக்க மாட்டேன். நீங்க அத மறந்துருங்க."

வெள்ளிக்கிழமை மச்சான் இனியன் போன் செய்தான். குரலில் அளவுக்கு மீறிய மரியாதை இருந்தது. "மாமா, ஞாயித்துக்கெழமை ஒரு எட்டு வந்து அக்காவைக் கூட்டிட்டுப் போகோணுமுங்க. அப்பாவும் பேசோணும்னு சொல்றாருங்க."

நோம்பி, விசேஷம் எதுவும் இல்லாமல் தனியாகப் பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணைத் தனியாகத் திருப்பி அனுப்பும் வழக்கம் அவர்களிடம் இல்லை. மாப்பிள்ளை போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் என்ன விஷயம் என்று கேட்பார்கள். கேட்டால் சொல்ல வேண்டும்.

மோகனூரிலிருந்து மேச்சேரிவரை காரை ஓட்டிக்கொண்டு போகும்போது ஓமலூர் தாண்டியும் எனக்கு ஒரு பொய்கூடத் தோன்றவில்லை.

நடுவீட்டில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மாமனார் மருதாசலம் வெள்ளை வேட்டி சட்டையில் இருந்தார். கால் வலி இருப்பதுபோல் தெரியவில்லை. அவருடைய அக்கா பொன்னாத்தாள் நடுவில் உட்கார்ந்திருந்தார். அந்த வீட்டில் எந்தப் பஞ்சாயத்துக்கும் நீதிபதி அந்த அம்மாள்தான். தனப்பிரியா சமையலறைக் கதவோரமாக நின்றாள். மெலிந்திருப்பதுபோல் எனக்குப் பட்டது. நான்கு நாளில் யாரும் மெலிய முடியாது என்றும் பட்டது.

"என்ன சாமி பிரச்சினை?" என்று ஆரம்பித்தார் பொன்னாத்தாள்.

"ஒண்ணுமில்லீங்கம்மா."

"அவளும் ஒண்ணுமில்லேங்கறா. நீங்களும் ஒண்ணுமில்லேங்கறீங்க. ஒண்ணுமில்லாததுக்கா ஒருத்தி பையத் தூக்கீட்டு வருவா? குடிக்கறீங்களா?"

"இல்லீங்கம்மா."

"சீட்டாட்டம்?"

"இல்லீங்க."

"வேற பொம்பளை சகவாசம்?"

கதவோரத்திலிருந்து தனப்பிரியாவின் குரல் வந்தது. "அத்தை, அவுங்க கட்டுன பொண்டாட்டிகிட்டயே வருசத்துக்கு நாப்பது வார்த்தைதான் பேசுவாங்க. இதுல இன்னொருத்திகிட்டப் பேச எங்க போவாங்க?"

இனியன் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டான். நான் தனப்பிரியாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் என்னைக் காப்பாற்றியிருந்தாள்.

"அப்பறம் என்னதான் கண்ணு?" பொன்னாத்தாள் அவள் பக்கம் திரும்பினார். "அடிச்சாரா?"

"ஐயோ, இல்லீங்கத்தை."

"திட்டுனாரா?"

"திட்டுறதுக்கும் வாயத் தொறக்கோணுமில்ல."

பொன்னாத்தாளின் பார்வை மறுபடியும் என் பக்கம் திரும்பியது. மௌனம் எனக்குச் சொந்த வீடு மாதிரி. அன்று மட்டும் அதில் உட்கார முடியவில்லை. பேசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதைப் பேசுவது? இந்த வெள்ளை வேட்டிக்கு முன்னாலா?

அப்போது மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்தார். கண் கலங்கியிருந்தது.

"போதும்க்கா. எனக்குத் தெரியும். தப்பு எம்மேலதான்."

எல்லோரும் அவரைப் பார்த்தோம்.

"போன மாசம் கோயில் கெடா வெட்டுக்குச் சின்ன மாப்ளையை நேர்ல போயி, தட்டு வெச்சு அழைச்சேன். ஓமலூர்தானே, பக்கம்னு போயிட்டேன். மூத்த மாப்ளையைப் போன்ல கூப்புட்டேன். தூரம்னு சோம்பல்பட்டுட்டேன். அன்னிக்குக் கோயில்ல மாப்ளை யார்கிட்டயும் பேசாம மரத்தடியில உக்காந்து பொஸ்தகம் படிச்சுட்டே இருந்தாரு. அப்பவே எம்மனசுல சுருக்குனுச்சு."

அவர் என்னை நேரில் வந்து அழைக்காததை நான் கவனிக்கவே இல்லை. அன்று மரத்தடியில் படித்ததுதான் அந்த மாதத்திலேயே நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நேரம்.

"அட, அதானே!" பொன்னாத்தாள் தொடையில் தட்டினார். "பொண்ணு மானத்துக்கு வெளிய சொல்ல மாட்டாமத் தவிச்சிருக்கா பாரு. என்ன சாமி, அதுதானே?"

நான் தனப்பிரியாவைப் பார்த்தேன். இப்போது அவளும் என்னைப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. அழுகை என்று நினைத்தேன். அது சிரிப்பு.

"அது வந்துங்க..." என்றேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம்." மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னிக்கே உங்க பேர்ல ஒரு கெடா வெட்டறேன். ஒறம்பரை, சொந்தபந்தமெல்லாம் வரச் சொல்றேன். மாப்ளை கையாலயே பட்டியில பாத்து எடுத்துக் குடுங்க. இனிமே இந்த ஊட்டுல இருந்து எந்த விசேசத்துக்கும் போன்ல அழைப்பு வராது. நான் உசுரோட இருக்கற வரைக்கும் நேர்லதான்."

இப்படியாக, என் மனைவியிடம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாததற்காக எனக்கு மரியாதை செய்ய ஒரு செம்மறிக் கிடா சாகப்போவது முடிவாயிற்று.

பட்டி வீட்டுக்குப் பின்னால் இருந்தது. கிடாவைக் காட்ட தனப்பிரியாவை என்னோடு அனுப்பினார்கள். செம்பழுப்பு நிறத்தில் முப்பது ஆடுகள் எங்களைப் பார்த்ததும் ஒரு மூலைக்கு ஒதுங்கின. அவள் படலைத் திறந்து உள்ளே போனாள். நானும் போனேன்.

"அந்தச் சுழி வெச்சதை எடுங்க," என்றாள். "கொழுத்திருக்குது."

"தனா."

"கறி தின்னுட்டு வண்டி ஏறீருவேன். கவலைப்படாதீங்க. நான் ஒண்ணும் கேக்கலைன்னே வெச்சுக்கலாம்."

அங்கேதான் எனக்குப் பயம் வந்தது. நடுவீட்டில் வந்தது வெறும் வெட்கம். இந்தக் கதவை அவள் சாத்திவிட்டால் இனி இன்னொரு பதினாறு வருடத்துக்கு எதையும் கேட்க மாட்டாள். சோறு போடுவாள், சிரிப்பாள், என்னைப் பற்றி வேடிக்கையும் சொல்வாள். கேட்க மட்டும் மாட்டாள்.

"எனக்கு அருவருப்பு இல்லை," என்றேன். "உம்மேலயும் இல்லை, அதுமேலயும் இல்லை."

"அப்பறம் ஏனுங்க எந்திரிச்சுப் போனீங்க?"

சொன்னேன். ஜீவாவைப் பற்றிச் சொன்னேன், நான் சிரித்ததைச் சொன்னேன். எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையும் கெட்ட வார்த்தையாக இருந்ததைச் சொன்னேன். ஒரே மூச்சில் நான் அவ்வளவு பேசியதில்லை. ஆடுகள்கூட மூலையிலிருந்து திரும்பிப் பார்த்தன. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அந்த ஜீவா இப்ப எங்கிருக்காருங்க?"

"கோயமுத்தூர்ல. நம்பர் இருக்குது. கூப்பிட்டதில்லை."

"கூப்புடுங்க."

"ம்."

"ம் இல்ல. கூப்புடறேன்னு சொல்லுங்க."

"கூப்பிடறேன்." கொஞ்சம் தயங்கினேன். "செவ்வாய்க்கிழமை ஷெட்ல ஒண்ணு தோணுச்சு. சொன்னாச் சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"கோழிக்கு ஒரே வழிதான். எச்சமும் அதுலதான், முட்டையும் அதுலதான், சேர்றதும் அதுலதான். நாம தெனமும் துடைச்சு அட்டையில அடுக்கறோம். ஊரே அதை உடைச்சுத் தின்னுது. யாரும் இது எந்த வழியா வந்துச்சுன்னு கேக்கறதில்லை. கழுவுனாச் சுத்தம், அவ்வளவுதானே? நாமக்கல்லே அந்த ஒரு வழியில பொழைக்குது. நாம எதுக்கு மூஞ்சியச் சுளிக்கோணும்?"

தனப்பிரியா படலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உட்கார்ந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். ஆடுகள் மிரண்டு பட்டியைச் சுற்றி ஓடின.

"இதச் சொல்லவா அஞ்சு நாளு! ஏனுங்க, செவ்வாய்க்கெழமையே சொல்லியிருந்தா ஒரு உசுரு பொழச்சிருக்குமே!"

"உனக்கு எதனால தோணுச்சுன்னு கேக்கலாமா?"

அவள் சிரிப்பை நிறுத்தி யோசித்தாள். "தெரியலீங்க. ஒடம்புல இன்னொரு எடம் இருக்குது, அதுக்கும் சுகம் தெரியுமாங்கறாங்க. இத்தன வருசம் எனக்குத் தெரியாமயே இருந்திருக்குதேன்னு இருந்துச்சு. அவ்வளவுதான். ஆசைக்கு அதுக்கு மேல காரணம் வேணுமா?"

"வேண்டாம்."

"உங்களுக்கு வேண்டாம்னா வேண்டாங்க. எனக்காகன்னு பல்லக் கடிச்சுட்டுச் செய்யப்படாது."

"எனக்கும் பாக்கோணும்னு இருக்குது," என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

"மாப்ளை!" வீட்டுப் பக்கமிருந்து மாமனார் குரல் கொடுத்தார். "கெடா ஆப்புட்டுச்சுங்களா?"

சுழி வைத்த கிடாவை எனக்குக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. ஆனால் அந்த வீட்டில் அன்றைய மரியாதைக்கு வேறு வழியும் இல்லை. மதியம் அறுபது பேர் சாப்பிட்டார்கள். சின்ன மாப்பிள்ளையும் வந்தான். அவனைப் போனில் அழைத்திருந்தார்கள். அவன் முகம் கொஞ்சம் வாடியிருந்ததை நான் மட்டும் கவனித்தேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு எங்களுக்குச் சரிப்பட்டு வரவில்லை. தனப்பிரியா கிளினிக்குக்குக் கீழே உள்ள மருந்துக் கடையில் ஜெல்லும் ஆணுறையும் வாங்கி, முகத்தில் எந்தக் குறிப்பும் இல்லாமல் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். இருந்தாலும் இருவருக்கும் அவசரம். "நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். டாக்டரம்மா சொன்னதை நாலாகப் பிரித்து அவள் ஒப்பிக்க, இரண்டாவதான ஜெல்லை மறந்துவிட்டோம் என்று கண்டுபிடித்துச் சிரித்துவிட்டு, எழுந்து டீ போட்டுக் குடித்தோம்.

வாரத்தின் நடுவில் ஜீவாவைக் கூப்பிட்டேன். பெயரைச் சொன்னதும், "எந்தத் தமிழரசு, பேசவே மாட்டானே அந்தத் தமிழரசா?" என்றான். மன்னிப்புக் கேட்டேன். அவன் யாரிடமோ டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னான். பிறகு, "இருவது வருசம் ஆச்சுடா கேக்க. சரி, கேட்டுட்டேல்ல. கோயமுத்தூர் வந்தா வீட்டுக்கு வா, எங்கூட இருக்கறவன் நல்லா சமைப்பான்" என்றான்.

இரண்டாவது ஞாயிறு நாங்கள் அவசரப்படவில்லை. என்னையறியாமல் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். வலிக்கிறதா, இப்படியா, இன்னும் மெதுவாகவா. அவள் கண்ணை மூடிக்கொண்டு, "பேசீட்டே இருங்க" என்றாள். அந்தச் சுகம் அவளுக்குப் புரிந்த நேரம் எனக்கும் தெரிந்தது. அவள் முகத்தில் முதலில் ஆச்சரியம் வந்தது, அப்புறம்தான் மற்றது வந்தது. அன்று சாயங்காலம் முட்டை அட்டைகளை அடுக்கும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது ஞாயிறு பகல் மூன்று மணி. கதவு தாழிட்டிருந்தது. நான் பேசிக்கொண்டிருந்தேன். வார்த்தைகள் இப்போது கிடைத்திருந்தன. அவை புதியவை அல்ல, எங்கள் வீட்டில் தினமும் புழங்குகிறவைதான். அழைப்பு மணி அடித்தது. நாங்கள் அப்படியே இருந்தோம். மறுபடியும் அடித்தது.

"மாப்ளை! நான்தானுங்க! இனியன் பையனுக்குக் காதுகுத்து வெச்சிருக்குது. தட்டோட நேர்ல அழைக்கோணும்னு வந்தோம்! அக்காவும் வந்திருக்குது!"

தனப்பிரியா தலையணையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. இந்தத் தடவை மௌனமாக இருந்து பயனில்லை என்று எனக்குத் தெரிந்தது.

"மாமா!" என்று கத்தினேன். என் குரல் அவ்வளவு சத்தமாக வரும் என்று எனக்கே தெரியாது. "ஒரு இருவது நிமிசம்! ஷெட்டச் சுத்திப் பாத்துட்டு இருங்க! வந்தர்றோம்!"

"மெதுவா வாங்க, ஒண்ணும் அவசரமில்லை!"

செருப்புச் சத்தம் ஷெட் பக்கம் நகர்ந்தது. போகும்போது ஜன்னலுக்கு வெளியே மாமனார் தன் அக்காவிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"கேட்டியாக்கா? மணி அடிக்கறதுக்கு முன்னால இருந்தே உள்ள மாப்ளை கொரலுதான். வாய் ஓயாமப் பேசறாரு, அவளும் சிரிக்கறா. கெடா வெட்டுனது வீண் போகலை."